கல்லையும் மணி பார்த்து வாங்குவோம்

வன்னியின் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில், அத்திவாரம் வெட்டிய ஒரு வளவில் சில காலத்துக்கு முன்னர் நாம் நின்றிருந்தோம். வாசலில் ஒரு டிப்பர் கருங்கல் பறித்துக் கிடந்தது. அந்தக் குடும்பம் பல வருடம் தறப்பாளுக்குக் கீழும் தகரக் கொட்டிலிலும் இருந்து, கடைசியில் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பம். அந்தக் கல்லுக்குக் கொடுத்த பணம் ஒரு போக நெல்லின் பணம். வேலைக்கு வந்த வயதான மேசன் ஒரு கல்லை எடுத்துச் சுத்தியலால் தட்டினார். அது சத்தமில்லாமல் இரண்டாகப் பிளந்தது. இன்னொன்றைத் தட்டினார். அது கையில் உதிர்ந்து கிறவல் போல் ஆயிற்று. பறித்த கல்லில் ஏறக்குறைய அரைவாசி அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. மேசன் மெதுவாகச் சொன்னார்: “கல்லின்ரை வெளித்தோலைப் பாக்காதேங்கோ தம்பி. ஒரு மூலையை உடைச்சு உள்ளைப் பாருங்கோ. மணி பாத்துத்தானே நெல்லு வாங்கிறனீங்கள். கல்லையும் மணி பாத்து வாங்கவேணும்.”

அந்த வார்த்தை எம் மனதில் தங்கிவிட்டது. கறுப்பாக இருந்தால் நல்ல கல், பாரமாக இருந்தால் நல்ல கல் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பழக்கமானது வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அவர்களுக்குக் கருங்கல் என்றால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒரே நிறம், ஒரே பாரம் உள்ள இரண்டு கருங்கற்களில் ஒன்று நூறு வருடம் நிற்கும், மற்றது பத்து மாரிக்குள் உதிரும். இந்த வேற்றுமை எங்கிருந்து வருகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பனங்கட்டியும் பனங்கற்கண்டும்

பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது உண்டாகும் கல்லைத் தீப்பாறை என்கிறோம். இறுகும்போது அக்குழம்பில் உள்ள பொருட்கள் தனித்தனி மணிகளாகப் பிரிகின்றன. இம்மணிகளைக் கனியங்கள் என்பர். கருங்கல் ஒன்றை உடைத்து நனைத்துப் பார்த்தால் அவற்றை வெறுங்கண்ணாலேயே காணலாம். கண்ணாடித் துண்டு போல் சாம்பல் நிறத்தில் மினுங்குவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது பெல்ஸ்பார். செதில் செதிலாகப் பளபளப்பது மைக்கா.

மணி பெரிதாக வளர்வதும் சிறிதாக நிற்பதும் குழம்பு ஆறிய வேகத்தைப் பொறுத்தது. பனை வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காய்ச்சிய பாணியைக் கலக்காமல் நாட்கணக்காக அசையாது வைத்தால் பெரிய பெரிய பனங்கற்கண்டு விளைகிறது. அதே பதநீரை இறுகக் காய்ச்சித் துழாவிக் குட்டானில் ஊற்றினால் அது விரைவில் இறுகிப் பனங்கட்டி ஆகிறது. பனங்கட்டியின் மணி கண்ணுக்கே தெரியாது. இரண்டும் ஒரே பனையின் இனிப்புத்தான். வேற்றுமை இறுகிய விதத்தில் உள்ளது.

கல்லும் இப்படித்தான். பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில், பல இலட்சம் ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஆறிய குழம்பு பெருமணிக் கல்லாகிறது. கிரனைற்று இவ்வகையைச் சேர்ந்தது. நிலத்துக்கு மேலே எரிமலைக் குழம்பாக வழிந்து விரைவாக ஆறியது பசால்ற்று. அதன் மணியைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டும். பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து நடுத்தர வேகத்தில் ஆறியது டொலரைற்று. பசால்ற்று, டொலரைற்று, ஆழத்தில் ஆறிய கப்ரோ ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருட்களால் ஆனவை. மணியின் அளவே அவற்றைப் பிரிக்கிறது.

மணிகளின் அளவையும் வடிவத்தையும் அவை ஒன்றோடொன்று பின்னியிருக்கும் விதத்தையும் சேர்த்துப் பாறையியலாளர் இழையமைப்பு என்பர்.

சிறுமணிக் கல் ஏன் வலுவானது?

கல் நசிந்து உடைவது அரிது. அது பெரும்பாலும் கிழிந்தே உடைகிறது. எந்தக் கல்லிலும் மணிக்கும் மணிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகள் உண்டு. பாரம் ஏறும்போது அந்த வெடிப்புகள் நீண்டு ஒன்றோடொன்று சேரும். சேர்ந்ததும் கல் பிளக்கும்.

பழைய சாரம் ஒன்றைக் கையால் இழுத்துப் பாருங்கள். சிறிய கிழிசல் உள்ள இடம் கொஞ்சம் தாங்கும். நீண்ட கிழிசல் உள்ள இடம் உடனே பறியும். கிரிபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1921 இல் இதைக் கண்ணாடியில் சோதித்துக் கணக்காகக் காட்டினார். வெடிப்பு நான்கு மடங்கு நீளமானால், அதை உடைக்கத் தேவையான விசை அரைவாசியாகக் குறையும். பெருமணிக் கல்லில் மணியின் விளிம்பு நீளமானது. ஆகவே அதில் உள்ள வெடிப்பும் நீளமானது. சிறுமணிக் கல்லில் வெடிப்பு சிறியது. அது நீள முயலும்போது ஒவ்வொரு மணியிலும் முட்டித் திரும்ப வேண்டியிருக்கிறது.

மணியின் அளவைப் போலவே அதன் பின்னலும் முக்கியம். நெருக்கமாகப் பின்னிய கிடுகு காற்றைத் தாங்கும். பின்னாமல் அடுக்கி வைத்த ஓலை பறந்துவிடும். நல்ல தீப்பாறையில் ஒரு மணியின் பல் மற்ற மணியின் பள்ளத்துள் நுழைந்து இறுகியிருக்கும். அதற்குப் பசை வேண்டியதில்லை. பின்னல் தளர்ந்து, மணிகள் உருண்டையாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், கல் மணி மணியாகக் கழரும்.

பழுதில்லாத கிரனைற்று ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1000 முதல் 2500 கிலோ வரை நசிவைத் தாங்கும். சிறுமணி டொலரைற்று அதற்கும் மேலே போகக்கூடியது. அதே கிரனைற்று வெயிலிலும் மழையிலும் பழுதாகிவிட்டால் அந்த வலுவில் பத்திலொன்றுகூட மிஞ்சாது போகலாம். நாம் வீட்டுக்குப் போடும் கொங்கிறீற்று 150 முதல் 200 கிலோ வரையே தாங்குகிறது என்பதை நினைத்தால் இந்த எண்களின் அளவு விளங்கும்.

பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம்

சில கற்கள் வெயிலில் தகதகவென்று மின்னும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மினுக்கம் பெரும்பாலும் மைக்கா. குவார்ட்ஸைக் கத்தியால் கீற முடியாது. பெல்ஸ்பாரையும் இலகுவில் கீற முடியாது. மைக்காவோ நகத்தை விடச் சற்றே கடினமானது, ஏடு ஏடாகப் பிரியக்கூடியது. ஒரு கல்லில் மைக்கா அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் பயமில்லை. அது வரி வரியாக ஒரே திசையில் படுத்திருந்தால், அந்த வரி வழியே கல் பிளக்கும். கொங்கிறீற்றுச் சல்லியில் மைக்கா கூடினால் சீமெந்துச் சாந்து அதில் சரியாகப் பிடிக்காது.

நமது மண்ணில் கிடைக்கும் கல்

இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய பாறையால் ஆனது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உருமாறிய பாறை. அதாவது முன்னொரு காலத்தில் தீப்பாறையாகவோ அடையற்பாறையாகவோ இருந்து, பின்னர் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாறிய பாறை. யாழ்ப்பாணம், மன்னார் போன்ற வடமேற்குக் கரையோரம் சுண்ணாம்புக்கல் நிலம். வவுனியாவிலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களிலும் நாம் கருங்கல் என்று உடைப்பது பெரும்பாலும் வரியுள்ள நைஸ் பாறை. அவற்றுட் பல கிரனைற்றிலிருந்து மாறியவை. அதே குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் மைக்காவுமே அவற்றிலும் உள்ளன. ஆதலால் கிரனைற்றுக்குச் சொன்ன மணிக்கணக்கு இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் பரவலாகக் காணப்படும் இன்னொரு நல்ல கல் சார்னொக்கைற்று. கடும்பச்சை கலந்த கறுப்பு நிறமும் எண்ணெய் பூசியது போன்ற மினுக்கமும் உடையது. இக்கல்லுக்குப் பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடக்கிய யோப் சார்னொக் என்பவர் 1693 இல் இறந்தார். அவரது கல்லறைக்கான கல் சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்டது. இருநூறு வருடங்களின் பின்னர், 1893 இல், தோமஸ் ஹொலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அவரது பெயரையே அந்தக் கல்லினத்துக்கு இட்டார். வங்காளத்தின் மழையிலும் ஈரத்திலும் முந்நூறு வருடங்களுக்கு மேல் கிடந்தும் அக்கல்லில் வெட்டிய இலத்தீன் எழுத்துகளை வாசிக்க முடிகிறது. இக்கல்லில் மைக்கா குறைவு, மணிகள் இறுகப் பின்னியவை.

கல்லும் உக்கும்

மரம் உக்குவது போல் கல்லும் உக்கும். பெல்ஸ்பாரில் நீர் ஊறினால் அது நாளடைவில் வெண்களியாக மாறும். கறுப்பு மைக்காவில் உள்ள இரும்பு துருப்பிடித்துக் கல்லை மண்ணிறமாக்கும். குவார்ட்ஸ் மட்டும் அப்படியே இருக்கும். பெல்ஸ்பார் களியானதும் பின்னல் குலைந்து கல் உதிரும். நாம் வீதிக்குக் கொட்டும் சில கிறவல்கள் இப்படி உக்கிய பாறையே.

உப்பும் கல்லுக்கு எதிரி. எகிப்தின் அஸ்வானில் வெட்டிய பெருமணிக் கிரனைற்றுத் தூண் ஒன்று மூவாயிரம் வருடங்களுக்கு மேற்பட்டது. அது 1881 இல் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் நிறுத்தப்பட்டது. சில வருடங்களுக்குள் அதன் முகம் செதில் செதிலாக உரிந்தது. 1885 இல் நூற்றுக்கணக்கான இறாத்தல் துண்டுகளை அகற்றி மெழுகு பூசவேண்டி வந்தது. அத்தூண் பல நூற்றாண்டுகள் எகிப்தில் விழுந்து கிடந்தபோது நிலத்து உப்பு மணிகளுக்கு இடையே ஏறியிருந்தது என்றும், புதிய ஊரின் ஈரம் பட்டதும் அந்த உப்பு பருத்துக் கல்லை உரித்தது என்றும் ஆராய்ந்தவர்கள் கூறுவர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்புக் கரையோரங்களில் வீடு கட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும். உவர் நிலத்தில் அத்திவாரத்துக்குப் பெருமணிக் கல்லை விடச் சிறுமணிக் கல்லே நல்லது.

எரிந்த வீட்டின் கல்

திரும்பிப் போன குடும்பங்கள் முதலில் செய்வது இடிந்த வீட்டின் கல்லைப் பொறுக்கி அடுக்குவது. அது பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமல்ல. தாயும் தகப்பனும் கட்டிய வீட்டின் கல் புது வீட்டிலும் இருக்கவேண்டும் என்ற ஆசையும் அதில் உண்டு. அந்த ஆசையை நாம் மதிக்கிறோம். ஆனால் வீடு எரிந்திருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குவார்ட்ஸ் மணி 573 பாகை செல்சியஸில் திடீரென்று பருக்கும். பக்கத்திலுள்ள பெல்ஸ்பார் அதே அளவுக்குப் பருப்பதில்லை. ஆகவே மணிக்கும் மணிக்கும் இடையில் பின்னல் விட்டுப்போகும். கல்லின் மேல் விறகெரித்துப் பாறையை வெடிக்கச் செய்த பழைய முறையும் இந்த இயல்பையே பயன்படுத்தியது. கூரை மரம் முழுவதும் எரிந்து விழுந்த இடத்தில் கல்லின் முகம் இந்த வெப்பத்தைத் தொட்டிருக்கக்கூடும். வெளியே கரி மட்டும் தெரியும், உள்ளே பின்னல் போயிருக்கும். எரிந்த வீட்டின் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் பாரம் தாங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. வெடிமருந்து அதிர்ச்சி பட்ட கல்லுக்கும் இதுவே விதி.

வளவில் நின்றே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

1. உடைத்துப் பார்த்தல்: ஒரு மூலையைச் சம்மட்டியால் உடைத்து, உடைந்த முகத்தை நனைத்துப் பாருங்கள். மணி ரவை அளவு என்றால் சிறுமணி. பயறு அளவு என்றால் நடுத்தரம். கச்சான் பருப்பு அளவுக்கு மேல் என்றால் பெருமணி. உடைவு மணிகளை ஊடறுத்துச் சென்றிருந்தால் பின்னல் நல்லது. மணிகளைச் சுற்றிச் சென்று, மணிகள் முழுதாகக் கழன்று நின்றால் பின்னல் தளர்ந்துவிட்டது.

2. தட்டிக் கேட்டல்: கல்லை நிலத்தில் புதையவிடாமல் இரண்டு சிறு கற்களின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். மணியோசை போல் கணீரென்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு உண்டு.

3. கீறிப் பார்த்தல்: வெள்ளை மணியை ஆணியால் கீறுங்கள். கீறல் விழாவிட்டால் பெல்ஸ்பார் உயிரோடு இருக்கிறது. மாவாக உதிர்ந்தால் களியாகிவிட்டது, அந்தக் கல் வேண்டாம்.

4. நிறை பார்த்தல்: ஏறக்குறைய 5 கிலோ உள்ள கல்லைச் சில நாள் வெயிலில் நன்கு காயவிட்டு நிறுங்கள். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவிட்டு, துணியால் துடைத்து மீண்டும் நிறுங்கள். கட்டடக் கிரனைற்றுக்கான அமெரிக்க நியமம் 0.4 வீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது என்கிறது. 5 கிலோவுக்கு அது 20 கிராம். 100 கிராம் கூடினால் அந்தக் கல்லை ஈரம் படும் இடத்துக்கு எடுக்க வேண்டாம்.

5. வரி பார்த்தல்: மைக்கா வரி ஓடுகிறதா, எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

ஒரு கல்லை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. குவியலின் மேலிருந்தும் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். டிப்பர் பறித்த பின் பார்ப்பதில் பயனில்லை. பணம் கொடுக்க முன்னர் கல்லுடைக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது நல்லது. கல்லுடைக்கும்போது கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் தூசு நெஞ்சுக்குக் கேடு. அதனால் நனைத்து உடையுங்கள்.

எந்தக் கல் எந்த இடத்துக்கு?

இதையெல்லாம் வாசித்தபின், சிறுமணிக் கல்லைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் காசு குறைந்த எமக்கு அது கட்டாது, அது உண்மையும் அல்ல.

பத்தடி உயரமான ஒரு தட்டு வீட்டுச் சுவர் அத்திவாரத்தின் மேல் ஏற்றும் பாரம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அளவுதான். ஆயிரம் கிலோ தாங்கும் கல்லுக்கு இது ஒரு பாரமே அல்ல. எனவே உக்காத, வெடிக்காத பெருமணிக் கல்லை உவரில்லாத நிலத்தில் அத்திவாரத்துக்குத் தயங்காமல் போடலாம். வரியுள்ள கல்லானால் வரி கிடையாகப் படுக்கும்படி வையுங்கள். வரியை நிமிர்த்தி வைத்தால் ஏடு ஏடாகப் பிளக்கும்.

மணி மிகவும் முக்கியமாகும் இடங்கள் வேறு. முதலாவது, வாசல் நிலைக்கு மேலே குறுக்காக வைக்கும் கல், கிணற்று மேற்கல், மதகுக் கல் ஆகியவை. பாரம் ஏறும்போது இவை வளைய முயலும், அடிப்பக்கம் இழுபடும். நசிவைத் தாங்கும் வலுவில் பத்திலொன்று முதல் இருபதிலொன்று வரையே கல் இழுவையைத் தாங்கும். ஆகவே இங்கே பின்னல் இறுகிய, வரியில்லாத சிறுமணிக் கல்லே வேண்டும். அது கிடைக்காவிட்டால் கம்பி வைத்த கொங்கிறீற்றே பாதுகாப்பானது. இரண்டாவது, கொங்கிறீற்றுச் சல்லி. சிறுமணியும் நடுத்தரமும் நல்லவை. மைக்கா கூடியதும் தட்டையாக உடைவதும் கூடாதவை. மூன்றாவது, நீரும் காற்றும் மாறி மாறிப் படும் கிணற்றுக்கட்டும் வாசற்படியும். நிறைச் சோதனையில் தேறிய கல்லை இங்கே வையுங்கள்.

தேறாத கல்லையும் எறிய வேண்டாம். உக்கிய கல் முற்றத்தை உயர்த்தவும் ஒழுங்கையின் பள்ளம் நிரப்பவும் உதவும். மைக்கா வரிக்கல் வரம்புக்கும் மண்ணரிப்புத் தடுக்கும் கல்லணைக்கும் போதும்.

இன்னொரு விடயம். சொந்தக் காணியில் பாறை இருக்கிறது என்பதற்காக வெடிவைத்து உடைக்கக் கூடாது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பலர் சேர்ந்து கல் எடுக்க விரும்பினால், கிராம அபிவிருத்திச் சங்கம் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரிப்பது நல்லது.

முடிவாக

முதலில் சொன்ன அந்த வளவுக்கு நாம் மீண்டும் போனோம். மேசன் அந்தக் குவியலை மூன்றாகப் பிரித்திருந்தார். கணீரென்ற கல் ஒரு பக்கம், மங்கிய ஓசைக் கல் ஒரு பக்கம், உதிர்ந்தது ஒரு பக்கம். முதலாவது அத்திவாரத்துக்குப் போனது. இரண்டாவது பின்பக்கத்து வேலி ஓரம் மண் கரையாமல் இருக்க அடுக்கப்பட்டது. மூன்றாவது முற்றத்துக்கு. குறைந்த கல்லை வாங்க இன்னும் பணம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் இம்முறை வீட்டுக்காரர் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு, ஒரு சுத்தியலோடும் ஒரு போத்தல் தண்ணீரோடும் கல்லுடைக்கும் இடத்துக்கே போய் வந்தார். ஒவ்வொரு கல்லையும் தட்டிக் கேட்டவன் மகன்தானாம்.

நெல்லை ஊதிப் பதர் பிரிக்கத் தெரிந்த கைகள் எமக்கு உண்டு. விதைநெல்லை உள்ளங்கையில் வைத்து மணி பார்க்கும் கண்ணும் உண்டு. அந்தக் கண்ணைக் கல்லின் பக்கமும் திருப்பினால் போதும். பல தடவை இழந்து கட்டும் வீடு இது. இந்த முறை அதன் கல் நாம் பார்த்து எடுத்த கல்லாக இருக்கட்டும்.